மூன்றாம் தூணருகே ஒரு விசில்

காஸ்தெல்நேபியா,
நவம்பர் 14

பேரன்பும் பெருமதிப்பும் உரிய மைத்துனர் ஒரெஸ்தே அவர்களுக்கு,

லெயார்க்கோ எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மருமகள் நீவெஸும் நலம். மூடுபனியும் நலமே, வந்ததிலிருந்து ஊரை விட்டு நகரவில்லை. அங்கே திரியெஸ்தேயில் தாங்களும், தங்கள் முழங்காலும், ரொட்டிக் கடையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். தாங்கள் அனுப்பிய பாதாம் கேக் வந்து சேர்ந்தது. பாதி உடைந்திருந்தது, முழுவதும் தின்றோம். நிற்க.

நீவெஸ் நடனம் அமைத்திருக்கும் ஓபராவின் கடைசி நாளுக்கு, ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மைத்துனரே, தயவுசெய்து வர வேண்டாம். தாய்மாமனை வராதே என்று சொல்பவன் மனுஷனா என்று நீங்கள் கேட்பது இங்கே வரை கேட்கிறது. முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு திட்டுங்கள். நடந்ததைத் தெரிந்துகொண்டால் நீங்களே ரயில் நிலையத்திலிருந்து திரும்பி வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியாததல்ல. சீஸ் கிடங்கில், சக்கரம் மாதிரி இருக்கும் ஒவ்வொரு சீஸ் கட்டியாகச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே உள்ளே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லி வயிறு வளர்த்தவன் நான். விரிசல் காதில் பட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. அது சீஸ் ஆனாலும் சரி, பாடகன் ஆனாலும் சரி. அதனால்தான் நம் ஊர் அரங்கின் மேல்மாடத்தில், இடது பக்கம் மூன்றாம் தூணருகே எனக்கென்று ஓர் இடம். கீழே வெல்வெட் நாற்காலியில் இருப்பவர்கள் கை தட்டிவிட்டுப் போகட்டும். தீர்ப்பு சொல்வது மேலே மரப்பலகையில் முதுகு வலிக்க உட்கார்ந்திருக்கும் நாங்கள்தான். எங்கள் விசில் என்றால் வசவு; அது தலையில் விழுந்த பாடகனுக்கு அன்றிரவு சூப்கூட இறங்காது. அதற்கும் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம்: நான் விசில் அடிக்காமல் வேறு யாரும் அடிக்கக்கூடாது; நான் அடித்துவிட்டால் யாரும் அடிக்காமல் இருக்கக்கூடாது. சொந்தபந்தம் பார்ப்பதில்லை. அதற்குச் சாட்சி நீங்களே. காவலாளி வேஷத்தில் நீங்கள் பாட வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி, அரசர் வருகிறார் என்று. அரசர் இன்னும் தலைப்பாகை கட்டிக்கொண்டிருக்கும்போதே, அரை மாத்திரை முந்தி, வாயைத் திறந்துவிட்டீர்கள். எனக்கும் உங்கள் தங்கை தில்வாவுக்கும் நிச்சயமாகி அந்த வாரம்தான். இருந்தும் அடித்தேன். உங்கள் அப்பா கல்யாணத்தை வசந்தகாலம் வரை தள்ளிப்போட்டார். இப்போதும் சொல்கிறேன், நீங்கள் முந்தித்தான் வந்தீர்கள்.

இப்படிப்பட்டவன் பெற்ற பெண், வெளிநாட்டில் எங்கெங்கோ ஆடித் திரிந்துவிட்டு, நம் அரங்குக்கே வந்து சேர்ந்தாள். அரங்கை நடத்தும் புதிய நிர்வாகத்துக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. நம் ஊரில் பிறந்து, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கடனோடு செத்துப்போன ஒரு இசைக்காரர் எழுதியதில் எலி தின்றது போக மிஞ்சிய ஓபரா ஒன்று இருக்கிறது அல்லவா, காட்டில் வழிதவறிய இளவரசியின் கதை. அதை அவர் காலத்து வாத்தியங்களையே வைத்து வாசிப்பது, ஆனால் ஆட்டத்தை மட்டும் இந்தக் காலத்து ஆட்டமாக வைப்பது. தாத்தாவின் கோட்டுக்குப் பேரனின் கால்சட்டை என்றான் முடிதிருத்தும் எர்மெஸ். நீவெஸின் ஆட்டம் என்ன மாதிரி என்று நீங்கள் பார்த்ததில்லை. தரையில் உருளுவார்கள். சுவரைத் தள்ளுவார்கள். ஒருவரை ஒருவர் மாவு மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு நடப்பார்கள். உங்கள் கடையில் வேலைக்குச் சேர்த்தால் நன்றாக உழைக்கிற பிள்ளைகள்.

ஆனால் விஷயம் விளையாட்டல்ல. இது நன்றாகப் போனால் பெரிய நகரங்களின் அரங்குகள் அவளைக் கூப்பிடக் காத்திருந்தன. சொந்த ஊரில் விசில் வாங்கினால் இந்தப் பக்கத்தில் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். நம் மேல்மாடத்து விசில் ரயிலைவிட வேகமாக அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும் என்பது உங்களுக்குத் தெரியும்; நீங்கள் அதனால்தானே ரொட்டிக் கடை வைத்தீர்கள். முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள், பூசணிக்காய் வைத்த தோர்தெல்லிக் கொழுக்கட்டையை வடிகட்டிக்கொண்டே அவள் கேட்டாள்.

“அப்பா, நாளைக்கு வருவீங்களா?”

“தூண் அங்கதானே இருக்கு? நானும் அங்கதான் இருப்பேன்.”

“விசில் அடிக்காதீங்கன்னு நான் கேக்கல. அடிக்கணும்னு தோணுச்சுன்னா அடிங்க. ஆனா பாத்துட்டு அடிங்க. நீங்க எப்பவும் கண்ண மூடிட்டுக் காதை மட்டும் தொறந்து வெச்சிருப்பீங்க. என் வேலை கண்ணுலதான்ப்பா தெரியும்.”

நான் சீஸ் துருவினேன். மறுநாள் காலை எர்மெஸின் கடைக்குப் போனால், மேல்மாடத்துக் கூட்டம் மொத்தமும் அங்கே. முகம் முழுக்க நுரையைப் பூசிவிட்டு, கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு எர்மெஸ் பேச்சை ஆரம்பித்தான்.

“டேய் லெயார்க்கோ, இன்னிக்கு உன் பொண்ணுன்னு பாக்கக்கூடாது.”

“ம்.”

“மச்சானுக்கே அடிச்சவன்டா நீ. பொண்ணுக்கு அடிக்கலைன்னா ஊரு என்ன சொல்லும்?”

“ம்.”

“நீ சத்தியம் பண்ணு. தப்பு வந்தா மொதல் விசில் உன்னோடது.”

தொண்டையில் கத்தி இருக்கும்போது யார் கேட்டாலும் சத்தியம் பண்ணலாம். பண்ணினேன். கடையில் பெண்களுக்கு முடி அலங்கரிக்கும் பால்மிரா அக்கா மட்டும் மூலையில் தலைமுடிக்குச் சுருள் போட்டுக்கொண்டே, “பெத்தவன் வயித்துல நெருப்பு. இவனுங்களுக்கு அதுல குளிர் காயணும்” என்றாள்.

இனி அந்த ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள். வாத்தியக்குழுத் தலைவர் பெர்லிங்கேரி என்று ஒருவர், மெலிந்த மனுஷர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டியிருப்பார். அவருடைய பிடில்களுக்கெல்லாம் ஆட்டுக்குடல் நரம்பு. சூடு பட்டால் சுருதி ஓடிவிடும் என்று அரங்கின் வெப்பக் குழாய்களை நிறுத்தச் சொல்லிவிட்டார். நவம்பர் மாதம், மைத்துனரே! நாங்கள் மேலே கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருக்க, கீழே மேடையில் ஆட்டக்காரப் பிள்ளைகள் கைக்குட்டை அளவுத் துணியில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அது நடனமா குளிரா என்று கொஞ்ச நேரம் எங்களுக்குள் வாக்குவாதம். அது போகட்டும். அந்தக் காலத்து வாத்தியங்களுக்குச் சத்தம் குறைவு. மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் குழியில் ஆளுயரக் கழுத்தோடு ஒரு தந்தி வாத்தியம் இருந்தது, எர்மெஸ் அதற்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்துவிட்டான். அதன் ஓசை பக்கத்து வீட்டில் யாரோ பட்டாணி உரிப்பது மாதிரி அத்தனை மெல்லிசு. அதன் மேல் எட்டுப் பேர் வெறுங்காலால் தொம் தொம் என்று குதித்தால் என்ன கேட்கும்? ஒத்திகையில் பெர்லிங்கேரி கையைத் தூக்கிவிட்டார். “அம்மா, இது இசையா, திராட்சை மிதிக்கிற தொட்டியா?” என்று கேட்டாராம். நீவெஸ் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் பிள்ளைகளுக்குத் தடித்த கம்பளிக் காலுறை மாட்டிவிட்டாள். சத்தம் அடங்கியது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நம் மேடை பழைய மேடை, பின்னாலிருந்து முன்னால் சரிவாக இறங்கும் என்பது நம் ஊரில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். மெழுகு தேய்த்த சரிவான பலகை, அதன் மேல் கம்பளிக் காலுறை. இது ஒருத்தருக்குமா தோன்றவில்லை? தோன்றவில்லை. உங்கள் மருமகளுக்கும் தோன்றவில்லை. அவள் இந்த ஊர்க்காரி வேறு.

முதல் அங்கத்தில் நான் வழக்கம்போலக் கண்ணை மூடினேன். பிறகு அவள் சொன்னது நினைவுக்கு வந்து திறந்தேன். அப்போது மேடையில் ஒரு பெண்ணை ஏழு பேர் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கீழே வைக்க மனசில்லாமல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கை முழங்காலுக்குக் கீழே, ஒரு கை கழுத்துக்குப் பின்னால். மைத்துனரே, தில்வாவின் கடைசிக் குளிர்காலத்தில் நானும் நீவெஸும் அவளைக் கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலிக்குத் தூக்கிப் போவோமே, அது அப்படியே அங்கே இருந்தது. தலை பின்னால் சாயாமல் இருக்க நான் கட்டைவிரலால் தாங்குவேன். அந்தக் கட்டைவிரல்கூட இருந்தது. அதை ஆட்டத்தில் வைத்திருக்கிறேன் என்று நீவெஸ் என்னிடம் சொல்லவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. எர்மெஸ் திரும்பிப் பார்த்ததும், அரங்கில் தூசி என்றேன். “வெப்பக் குழாய நிறுத்திட்டாங்க, தூசி எங்கடா பறக்கும்?” என்றான் படுபாவி.

அதற்குப் பிறகு காட்டில் புயல். பிள்ளைகள் மேடையின் பின்கோடியிலிருந்து ஓடி வந்து நடுவில் விழ வேண்டும். ஏழு பேர் விழுந்தார்கள். எட்டாவது ஆள் விழுந்தான், ஆனால் நிற்கவில்லை. காலுறையின் தயவில் அப்படியே சறுக்கிக்கொண்டே வந்து, விளிம்பைத் தாண்டி வாத்தியக்குழிக்குள் போய், ஒட்டகச்சிவிங்கிக்காரர் மடியில் உட்கார்ந்தான். மடியும் பிழைத்தது, ஆளும் பிழைத்தான், ஒட்டகச்சிவிங்கியும் பிழைத்தது. பிழைக்காதது ஒன்றுதான். அந்தக் காலத்து வழக்கப்படி, தண்ணீர் ஊற்றி ஊதினால் இராப்பாடிக் குருவி மாதிரி கூவுகிற மண்பறவை ஒன்றை, பெர்லிங்கேரி பஞ்சு வைத்த பெட்டியில் குழந்தை மாதிரி கொண்டு வந்திருந்தார். சறுக்கி வந்தவனின் குதிகால் பட்டு அது சுக்குநூறு.

அடுத்து வருவதே பறவைப் பாட்டு. புயல் ஓய்ந்து, வழி தெரியாமல் நிற்கும் இளவரசிக்குக் குருவி கூவ வேண்டும். அவள் பதில் பாட வேண்டும். மறுபடி குருவி, மறுபடி அவள். குருவி கூவாமல் அவளால் ஆரம்பிக்க முடியாது. பாவம் அந்தப் பெண் வாயைப் பாதி திறந்தபடி நிற்கிறாள். பெர்லிங்கேரி கையைத் தூக்கியபடி நிற்கிறார். குழிக்குள் தாளக்காரர் உடைந்த மண்துண்டை ஊதிப் பார்க்கிறார், தண்ணீர்தான் தெறிக்கிறது. அரங்கு முழுக்க நிசப்தம். மேல்மாடத்தில் அப்படி ஒரு நிசப்தம் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எர்மெஸ் முழங்கையால் குத்தினான்.

“டேய், இதவிட என்னடா தப்பு வேணும்? அடி!”

மூன்றாம் தூணிலிருந்து பார்த்தால் மேடையின் வலது பக்கத் திரைமறைவு தெரியும். அங்கே நீவெஸ் நின்றுகொண்டிருந்தாள். சட்டைக் கையை இழுத்து விரல்களுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்து முதல் நாள் வாசலில் அப்படித்தான் நின்றாள். அவள் மேடையைப் பார்க்கவில்லை. நேராக என் தூணைப் பார்த்தாள்.

இரண்டு விரலை வாயில் வைத்தேன். ஆனால் வந்தது விசில் அல்ல. இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு தகவல். கல்யாணத்துக்கு முந்தைய அந்த வசந்தத்தில், உங்கள் வீட்டுக்குப் பின்னால் பாப்ளார் மரத்தில் தினமும் சாயங்காலம் இராப்பாடிக் குருவி ஒன்று கூவும், தில்வா உடனே துணி எடுக்க வெளியே போவாள். உங்கள் அம்மா அந்தக் குருவி வந்தது குடும்பத்துக்கு நல்ல சகுனம் என்று ஜன்னலில் சீஸ் துண்டு வைப்பாரே, அதைத் தின்ற பறவை நான்தான். அந்தக் கூவல் இத்தனை வருஷம் கழித்து, கோட்டும் தொப்பியுமாக இருக்கிற கிழவன் வாயிலிருந்து, ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது. இளவரசி மேலே பார்த்தாள். பெர்லிங்கேரியின் கை இறங்கியது. அவள் பதில் பாடினாள்.

எல்லாம் அங்கேயே நன்றாக முடிந்திருக்கும். ஆனால் எங்கள் ஒழுங்கு இருக்கிறதே! நான் அடித்துவிட்டால் யாரும் அடிக்காமல் இருக்கக்கூடாது. பின்னால் இருந்தவர்களுக்குக் குருவி தெரியவில்லை, என் விரல் மட்டும்தான் தெரிந்தது. மேல்மாடம் மொத்தமும் விசில் அடித்தது. வாயால், விரலால், துளையுள்ள சாவியால், எர்மெஸ் அவன் பாட்டனார் காலத்துத் தகரக் குழலால். அப்படி ஓர் அவமானப் புயலை நம் அரங்கு கண்டதில்லை. முடிந்தது கதை என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அப்போது நீவெஸ், வேலைக்காக மாட்டியிருந்த கறுப்புச் சட்டையோடேயே, தலையில் பென்சிலைச் செருகியபடி மேடைக்குள் ஓடி வந்தாள். பிள்ளைகளிடம் ஏதோ சொன்னாள். அவர்கள் காலுறைகளைக் கழற்றி வீசினார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் ஒருவர், தரையிலிருந்து கழுத்தை நீட்டி, மேல்மாடத்தை அண்ணாந்து பார்த்து, எழுந்தார்கள். இடது மூலையில் விசில் வந்தால் இடது பக்கம் ஒருவர் எழுந்தார். வலது மூலையில் வந்தால் வலது பக்கம். நாங்கள் திட்டத் திட்ட, காடு விழித்துக்கொண்டே வந்தது. நடுவில் அந்தப் பெண் பாடிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் கீழே வெல்வெட் நாற்காலிகள் எல்லாம் எழுந்து நின்றன.

“டேய்,” என்றான் எர்மெஸ், குழலைக் கீழே இறக்கி, “நாம திட்றோம், அவங்க கை தட்றாங்கடா!”

மறுநாள் பத்திரிகையில், காட்டுப் பறவைகளை மேல்மாடத்தில் ஒளித்துவைத்த துணிச்சல் என்று நீவெஸைப் பாராட்டி எழுதிவிட்டார்கள். எங்களையும் பாராட்டியிருக்கிறார்கள். மேல்மாடத்து வரலாற்றில் எங்களுக்கு இப்படி ஒரு கேவலம் நேர்ந்ததே இல்லை. அது போதாதென்று பெர்லிங்கேரி மூச்சு வாங்க அத்தனை படியும் ஏறி மேலே வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்தோம்.

“ஐயா, பெரியவங்களே, ரொம்ப நல்லா செஞ்சீங்க. ஒரே ஒரு குறை. நீங்க எல்லாரும் இந்தக் காலத்துச் சுருதியில விசில் அடிக்கிறீங்க. எங்க வாத்தியமெல்லாம் அரைச் சுருதி கீழ. கொஞ்சம் இறக்கிக்கணும்.”

“இறக்கணுமா?” என்றான் எர்மெஸ். “நாங்க யாருக்கும் இறங்கினதில்ல!”

இப்போது தினமும் சாயங்காலம் அவன் கடையில் ஒத்திகை. நுரை பூசிய முகங்கள் வரிசையாக உட்கார்ந்து, அரைச் சுருதி கீழே விசில் அடித்துக்கொண்டிருக்கின்றன. பால்மிரா அக்கா தாளம் போடுகிறாள், தப்பினால் சீப்பால் அடிக்கிறாள். இரண்டாம் அங்கத்தில் ஒரு பாடகன் தினமும் சுருதி விலகுகிறான். என் காதில் விரிசல் விரிசலாக விழுகிறது. ஆனால் விசில் அடிக்க முடியாது. அடித்தால் பறவை என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து ஆடிவிடுவார்கள். எங்கள் வாயை நாங்களே கட்டிக்கொண்டோம். இந்தக் கோலத்தை நீங்கள் வந்து பார்க்கத்தான் வேண்டுமா? உங்களுக்கு விசில் அடித்த அதே வாயை, இப்படி அடங்கிக் கிடக்கும்போது, நீங்கள் பார்க்கக்கூடாது. அதனால்தான் வர வேண்டாம் என்கிறேன்.

அன்று ஆட்டம் முடிந்ததும் நீவெஸ் மேல்மாடத்துப் படியில் என்னை மடக்கினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“அப்பா, உண்மைய சொல்லுங்க. மொதல்ல அடிச்சது விசிலா, பறவையா?”

“பாத்துட்டுத்தான் அடிச்சேன்” என்றேன்.

அவள் என் தொப்பியை எடுத்துவிட்டு, என் கழுத்துக்குப் பின்னால் கை வைத்து, கட்டைவிரலால் தாங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். நானும் அழுதேன். எர்மெஸ் தூசி என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனான்.

வேறு விசேஷம் இல்லை. தங்கள் அடுப்பு அணையாமலும், மாவு புளிக்காமலும், முழங்கால் மழைக்கு முன்னால் அல்லாமல் மழைக்குப் பின்னால் மட்டும் வலிக்கவும் நம் ஊர் மாதா அருள் புரிவாளாக. கடையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் நினைவோடு என்றும் தங்கள்,
லெயார்க்கோ

பி.கு.: நான்காம் தூணருகே உட்காரும் ஆளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, காற்றுதான் வருகிறது. அவர் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியிலேயே வந்துவிடுங்கள். மத்தியானம் எர்மெஸ் கடையில் உங்களுக்கு ஒத்திகை. தடித்த கோட்டு அவசியம். உங்கள் பங்குக்கு ஒரே ஒரு விசில், நான் கூவி முடித்த பிறகு. ஒரெஸ்தே, இந்தத் தடவையாவது முந்தி வந்துவிடாதீர்கள்.